கொழுக்கட்டை டப்பா திரும்பி வந்த கதை

நாங்க ஜப்பானுக்கு வந்த முதல் வருஷம், 2023 செப்டம்பர். பிள்ளையார் சதுர்த்தி. டோக்கியோவுல நிஷிகசாய்ங்கிற இடத்துல இந்தியன் கடை இருக்கு, நம்ம அரிசி மாவும் கிடைக்கும், ஆனா அன்னிக்கு ஒரே மழை, பிள்ளையத் தூக்கிட்டு நடக்க சோம்பல்பட்டு வீட்டுக்குக் கீழ இருந்த சூப்பர் மார்க்கெட்லயே மாவு தேடினேன். ஒரு தட்டு பூரா வெள்ளை வெள்ளையா பாக்கெட். போன் கேமராவ வச்சுப் பாத்தா ஒண்ணுல மட்டும் "வெள்ளை உருண்டை மாவு"ன்னு வருது, அட கொழுக்கட்டைக்குன்னே பண்ணி வச்சிருக்கான்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

பிசையும்போதே கையில அப்பிக்கிச்சு. அவிச்சு மூடியத் திறந்தா பதினஞ்சு கொழுக்கட்டையும் கரைஞ்சு ஒண்ணா சேர்ந்து ஒரே கொழுக்கட்டையா கிடக்கு, கரண்டியால தூக்குனா ரப்பர் மாதிரி இழுக்குது. பிள்ளையாருக்கு அன்னிக்கு வாழைப்பழம்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் வாங்கினது ஷிராதமாகோ, மோச்சின்னு இங்க பண்ற இழுவையான அரிசிப் பண்டத்துக்குப் போடுற ஒட்டுற அரிசியில பண்றது. நமக்கு வேண்டியது ஜோஷின்கோ, அது சாதாரண சாப்பாட்டு அரிசி மாவு. புதுசா வர்றவங்க இந்த ரெண்டு பேரையும் போன்ல எழுதி வச்சுக்கோங்க.

மறுநாள் ஜோஷின்கோ வாங்கி, தேங்காய்ப் பொடியும் ஒகினாவா கருப்புச் சர்க்கரையும் போட்டு பூரணம் கிளறி, சோமாசி மாதிரி மடிச்சு அவிச்சேன். அருமையா வந்துச்சு. பக்கத்து வீட்டுல தனியா இருக்கிற பாட்டிக்கு ஒரு டப்பாவுல ஆறு குடுத்தேன். திறந்து பாத்ததும் "ஓ, காஷிவாமோச்சி!"ன்னாங்க. எனக்குப் புரியல, தலையாட்டிட்டு வந்துட்டேன்.

நாலஞ்சு நாள்ல டப்பா திரும்பி வந்துச்சு. நம்ம ஊர்ல பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம்ல, கொஞ்சம் சீனியாவது போட்டுத் தருவோம், அதே கதைதான் இங்கயும். உள்ள கரும்பழுப்பா நாலு உருண்டை, ஒஹாகி. கடிச்சுப் பாத்தா சிரிப்பு வந்துருச்சு, நம்ம கொழுக்கட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி அரிசி உள்ள, பூரணம் வெளியில. பாதி மசிச்ச ஒட்டரிசி, அதைச் சுத்தி அஸுகிப் பயறை வேக வச்சு சர்க்கரை போட்டுக் கிண்டின அங்கோ. அப்ப ஹிகன் நடந்துட்டிருந்துச்சு, இரவும் பகலும் சமமா வர்ற நாளை நடுவுல வச்சு ஏழு நாள், முன்னோர் கல்லறைக்குப் போய்ட்டு வந்து ஒஹாகி படைப்பாங்களாம். பாட்டியும் அவங்க வீட்டுக்காரருக்குப் படைச்சுட்டு எங்களுக்குக் கொண்டு வந்திருக்காங்க. மார்ச்சுல வர்ற ஹிகனுக்கும் இதேதான், பேரு மட்டும் போதாமோச்சி.

அங்கோ பத்தி ஒரு வார்த்தை. பயறுல இனிப்பான்னு நிறைய வெளிநாட்டுக்காரங்க மூஞ்சியச் சுளிப்பாங்க, சுசியமும் பருப்புப் போளியும் தின்னு வளர்ந்த நமக்கு என்ன புதுசு. தோலோட இருந்தா த்ஸுபுஅன், அரிச்சு மைய எடுத்தா கோஷிஅன். என் கட்சி த்ஸுபுஅன், பல்லுல ஏதாவது மாட்டணும் எனக்கு.

காஷிவாமோச்சி என்னன்னு அடுத்த மே மாசம்தான் புரிஞ்சுது. மே 5 குழந்தைகள் தினத்துக்குக் கடையெல்லாம் அதுதான். ஜோஷின்கோ மாவைத் தட்டி, நடுவுல அங்கோ வச்சு மடிச்சு, காஷிவாங்கிற ஒரு வகை ஓக் மரத்து இலையில சுத்தி வச்சிருக்கான், அசல் நம்ம கொழுக்கட்டையேதான்! அந்த மரத்துல புது இலை துளிர்க்கிற வரைக்கும் பழசு உதிராதாம், அதனால வம்சம் தழைக்கும்னு பிள்ளைங்களுக்குக் குடுக்கிறாங்க. நான் இலையோட கடிச்சு வச்சேன். ஏன்னா மார்ச்சுல தின்ன சகுராமோச்சியில உப்புல ஊறின செர்ரி இலையையும் சேர்த்துத் தின்னலாம்னு சொல்லியிருந்தாங்க. இதுக்கு அது கிடையாது, உரிச்சுப் போட்டுரணும். பாட்டி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

இன்னொண்ணு, தாங்கோ (குச்சியில குத்தின அரிசி மாவு உருண்டை), காஷிவாமோச்சியெல்லாம் மிஞ்சுனா ஃபிரிட்ஜுல வைக்காதீங்க, மறுநாள் கல்லு. கடைக்காரர் "இன்னிக்கே சாப்பிட்டுருங்க"ன்னு சொல்றது சும்மா இல்ல.

மாமியார் மூணு மாசம் வந்து இருந்தப்பதான் நான் லேபிள் படிக்கவே கத்துக்கிட்டேன். சுத்த சைவம் அவங்க. கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல வரிசையா அடுக்கியிருக்கிற ஜெல்லி, மூஸ், கப் புரின் (கஸ்டர்ட் புட்டிங்) நிறையத்துல மிருகத் தோல், எலும்புல எடுக்கிற ஜெலட்டின் இருக்கும், புரின்னா முட்டையும் சேர்த்தி. (எனக்கு அடியில கேரமல் இருக்கிற அந்த புரின்னா உயிர், அது வேற விஷயம்.) ஆனா பழைய இனிப்புங்கள்ல பலதுல பாலும் இல்ல முட்டையும் இல்ல, உறைய வைக்கிறதுக்கு கந்தென், அதாவது நம்ம கடல்பாசிதான். மிஸுயோகான் வாங்கிக் குடுத்தேன், பயறு போட்ட கடல்பாசின்னு வச்சுக்கோங்களேன், வெயில் காலத்துல ஜில்லுன்னு தின்பாங்க. அத்தை ரெண்டு துண்டு தின்னுட்டு "சீனி பத்தல"ன்னாங்க. கடல்பாசித் துண்டும் அங்கோவும் பழமும் போட்ட அன்மித்ஸு மேல ஊத்துற கருப்புப் பாகை மட்டும் நக்கிப் பாத்துட்டு கருப்பட்டி மாதிரி இருக்குன்னு அந்தச் சின்னக் கிண்ணத்தை அப்படியே குடிச்சுட்டாங்க.

இந்த மே மாசம் காய்ஞ்ச காஷிவா இலை பாக்கெட்டே கிடைச்சுது. எங்க திருநெல்வேலிப் பக்கம் கார்த்திகைக்குப் பனை ஓலையில வச்சு அவிப்போம்ல, அந்த நினைப்புல அரிசி மாவு, தேங்காய், கருப்புச் சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் கலந்து பிடிச்சு இலையில வச்சு அவிச்சேன். ஓலை வாசம் வரல, ஏதோ காட்டு வாசம் வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டிக்கு அஞ்சு குடுத்தேன்.

நேத்து டப்பா வந்துருச்சு, உள்ள மூணு குச்சி மிதராஷி தாங்கோ. சுட்ட உருண்டை மேல சோயா சாஸும் சர்க்கரையும் காய்ச்சின கொழகொழன்னு ஒரு பாகு, இந்த ஊர்ல எனக்கு இன்னும் தொண்டையில இறங்காத ஒரே இனிப்பு. போன வருஷம் ரொம்ப நல்லாருக்குன்னு வாய் தவறிச் சொல்லித் தொலைச்சுட்டேன், இது நாலாவது தடவை.