கொண்டலாத்தி இரண்டு வரிகளில் வந்தது ஏன்? காட்டுயிர்ப் பதிவுகளில் இரட்டிப்பைக் களைந்த அனுபவம்

ஒரு புல்வெளியிலும் அதையொட்டிய நீர்நிலையிலும் தன்னார்வலர்கள் கண்டு பதியும் பறவைகள், பட்டாம்பூச்சிகள், தட்டான்கள் ஆகியவற்றின் விவரங்களை ஆண்டுக்கு ஒரு முறை தொகுத்துத் தரும் பொறுப்பு என்னுடையது. இந்த முறை இணையப் பதிவுத் தளத்திலிருந்து கோப்பை இறக்கி இனவாரியாகக் கூட்டியபோது, கொண்டலாத்தி என்ற பறவை இரண்டு வரிகளில் வந்து நின்றது. இரண்டிலும் எழுத்து ஒன்றே, ஆனால் எண்ணிக்கை வேறு. கீழே இறங்கிப் பார்த்தால், ஒரே நாள், ஒரே இடம், ஒரே ஆள் என்று இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் பதிவுகள் கிடந்தன. இப்படியே தொகுத்திருந்தால், அந்தப் புல்வெளியில் பறவைகள் பெருகிவிட்டதாக ஒரு பொய்யான சித்திரம் அறிக்கையில் ஏறியிருக்கும்.

எக்செலில் நகல்களை ஒரே சொடுக்கில் நீக்கும் வசதி இருக்கிறது. அதைத் தொடாமல் இருந்ததுதான் நான் எடுத்த முதல் நல்ல முடிவு. முழுக் கோப்பையும் பிரதி எடுத்து வைத்துவிட்டு, வழக்கமாக நான் இறக்காத மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்து மறுபடி இறக்கினேன்: பதிவு எண், அது சர்வரில் உருவான நேரம், அது செயலி வழியாக வந்ததா கோப்பு வழியாக வந்ததா என்ற குறிப்பு. பார்த்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது. பதிவு உருவான நேரம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு தன்னார்வலர் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற தட்டானை, கடல் கடந்து வலசை போகும் அந்த இனத்தை, அறுபது என்று எண்ணிப் பதிந்திருந்தார். அது மூன்று பதிவுகளாக இருந்தது. உருவான நேரங்கள் காலை 9.14.07, 9.14.39, 9.15.12. அவரிடம் கேட்டபோது, அந்தக் கரையில் சிக்னல் சரியாக இருக்காது என்றும், அனுப்பும் சக்கரம் வெகுநேரம் சுழன்றது என்றும் சொன்னார். விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. பதிவு முதல் முறையே சர்வரை அடைந்திருக்கிறது. கிடைத்தது என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்துவிட்டது. பதில் வராத செயலி, போகவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பியிருக்கிறது. கைப்பேசியிலேயே ஒரு தனித்த அடையாள எண்ணைப் பதிவோடு கட்டி அனுப்பினால், இரண்டாவது முறை வருவது பழையதே என்று சர்வர் கண்டுகொள்ளும். தளத்தை நடத்துபவர்களுக்கு இந்த மூன்று நேரங்களையும் குறிப்பிட்டு எழுதினேன். செயலியின் அடுத்த பதிப்பில் சரிசெய்தார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து மட்டும் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அனுப்பும்படி மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த குவியல் கோப்புகளிலிருந்து வந்தது. ஒருவர் தன் பழைய பதிவுகளை இறக்கி, எண்ணிக்கைகளைத் திருத்தி, மறுபடி ஏற்றியிருந்தார். திருத்தமாகப் போய்ச் சேர வேண்டியவை எல்லாம் புதிய பதிவுகளாகவே விழுந்திருந்தன. பதிவு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 18 இலக்க எண்கள் அவை. அவர் ஏற்றிய கோப்பில் ஒவ்வொன்றின் கடைசி மூன்று இலக்கங்களும் சுழியமாக இருந்தன. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டவற்றைச் சத்தமில்லாமல் சுழியமாக்கிவிடும். எண் மாறிவிட்டதால் தளம் பழைய பதிவை அடையாளம் காணவில்லை. கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் உரையாக இறக்குமதி செய்தால் இது நேராது.

இத்தனைக்குப் பிறகும் கொண்டலாத்தி இரண்டாகவே நின்றது. முன்னாலும் பின்னாலும் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கடைசியில் இரண்டு சொற்களின் நீளத்தையும் எக்செலிலேயே எண்ணச் சொன்னேன். ஒன்றுக்கு 11 என்றது, மற்றொன்றுக்கு 12 என்றது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வழி. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது இன்னொரு வழி. திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது, ஆனால் அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஒரு பட்டியலிலிருந்து யாரோ பெயரை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒருங்குறி இயல்பாக்கம் என்ற முறையில் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் இரண்டு கொண்டலாத்திகளும் ஒன்றாகின. தமிழ்ப் பெயர்களைக் கொண்டு தரவு சேர்க்கும் எவரும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிவியல் பெயரை நம்பினாலும் முழுமையாகத் தப்பிக்க முடியாது. புள்ளிப்புறா பழைய கோப்புகளில் ஸ்ட்ரெப்டோபீலியா என்ற பேரினத்திலும், புதியவற்றில் ஸ்பைலோபீலியா என்ற பேரினத்திலும் இருந்தது. நேரமும் அப்படியே: அதிகாலை 4.50-க்குப் பார்த்த கூகை, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இறக்கிய கோப்பை யாரோ அப்படியே திரும்ப ஏற்றியதால், முந்தைய நாள் இரவு 11.20-க்கும் பறந்துகொண்டிருந்தது. இடத்தைப் பொறுத்தவரை, அட்சரேகையின் மூன்றாவது தசம இலக்கம் ஏறத்தாழ 111 மீட்டரையும், ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டரையும் குறிக்கும். ஆகவே எண்கள் அச்சாகப் பொருந்துகின்றனவா என்று தேடாமல், 150 மீட்டருக்குள் இருப்பவற்றை ஜோடி சேர்த்துப் பார்த்தேன்.

ஒரு காலை நடையில் நால்வர் சேர்ந்து போய், விரால் அடிப்பான் என்ற ஒரே பறவையைப் பார்த்து, நான்கு பதிவுகள் இட்டிருந்தார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் நீக்கவில்லை. நான்கு பேர் கண்ணால் கண்டதற்கான நான்கு சான்றுகள் அவை. ஒருவருடைய பதிவை இன்னொருவர் அழிப்பது முறையும் அல்ல. தொகுக்கும்போது மட்டும் ஒரே நாள், ஒரே இடம், ஒரே இனம் என்று சேர்த்து, கூட்டாமல், மிக உயர்ந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டேன். இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஒருவர் பட்டியலிட்டு உடன் வந்தவர்களுடன் பகிர்ந்தால் எல்லாப் பட்டியல்களும் ஒரே குழு எண்ணின் கீழ் வந்துவிடும். 2009-இல் ஏற்கப்பட்ட டார்வின் கோர் என்ற உயிரினத் தரவு வரையறையிலும், பதிவுக்கான அடையாள எண்ணும் நிகழ்வுக்கான (அதாவது ஒரு களநடை போன்றதற்கான) அடையாள எண்ணும் தனித்தனியாக உள்ளன. எங்கள் தளத்தில் நிகழ்வு எண் இருந்தும் யாரும் நிரப்பியதில்லை, இப்போது நிரப்புகிறோம்.

உண்மையான நகல்களை நீக்குவதும் எளிதாக இல்லை. ஒன்றில் புகைப்படம் இருந்தது, மற்றொன்றில் சரிபார்ப்பாளரின் குறிப்பு இருந்தது. படத்தை மாற்றி ஏற்றலாம், குறிப்பை நகர்த்த வழியில்லை. எனவே சரிபார்க்கப்பட்ட பதிவு எதுவோ அதை வைத்துக்கொண்டு, படத்தை அதற்கு மாற்றினேன். இரண்டுமே சரிபார்க்கப்படாதவை என்றால் பழைய எண்ணையே வைத்தேன். ஏனெனில் அது ஏற்கெனவே ஜிபிஐஎஃப் போன்ற உலகத் தரவகத்துக்குப் போயிருக்கக்கூடும், அதே எண் தொடர்ந்தால்தான் அங்குள்ள பதிவும் அறுபடாமல் இருக்கும்.

முடிவில் ஐந்து ஜோடிகள் மிஞ்சின. கருவிகள் எதுவும் அவற்றைப் பற்றிச் சொல்லவில்லை. பதிந்தவர்களுக்கே எழுதிக் கேட்டேன். நான்கு பேர் நகல் என்று ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாமவர் தன் களக் குறிப்பேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்: காலை 6.40, கொண்டலாத்தி ஒன்று, கொண்டை விரித்தது, புல்வெளியின் வடக்கு ஓரம். அதே வரியின் கீழே, 6.40, இன்னொன்று, இரை கவ்விப் பறந்தது. அந்த இரண்டு பதிவுகளுக்கும் அவர் குறிப்பைப் பின்னூட்டமாகச் சேர்த்து, அப்படியே விட்டிருக்கிறேன்.