கரண்ட் போனாலும் குலையாத விஎம்: கிருஷ்ணகிரி அலுவலகம் ஒன்றில் கேவிஎம் அமைத்த அனுபவம்

மாம்பழக்கூழ் ஆலைகளுக்குக் கணக்கு எழுதும் அலுவலகம் அது. கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், டேட்டாபேஸுக்கும் கோப்புகளுக்கும் தலா ஒரு லினக்ஸ் என்று மூன்று விஎம்களையும் (ஒரே கணினிக்குள் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) 32 ஜிபி ராம் உள்ள ஒரே டெபியன் லினக்ஸ் பெட்டியில் ஏற்றினோம். அவற்றை ஓட்டுவது லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள கேவிஎம் வசதி. மானிட்டர் கிடையாது. எல்லாமே எஸ்எஸ்எச் (நெட்வொர்க் மூலம் வேறு கணினியில் நுழையும் முறை) வழியாக, கட்டளை வரியில்தான்.

முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். சிபியு விவரத்தில் இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற கொடி தெரியும். ஆனால் பயாஸில் அணைத்து வைத்திருந்தாலும் சில பெட்டிகளில் அந்தக் கொடி தெரியும். அதனால் கேவிஎம் மாட்யூல் லோடு ஆகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிறகு விஎம்களை ஓட்டும் கியூஎமு, அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட், புது விஎம் உருவாக்கும் விர்ட்-இன்ஸ்டால் மூன்றையும் நிறுவி, உங்கள் யூசரை லிப்விர்ட் குரூப்பில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். டீஃபால்ட் நெட்வொர்க்குக்கு ஆட்டோஸ்டார்ட் போட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ரீபூட் ஆனதும் அதை நம்பியிருக்கும் விஎம் எதுவும் எழாது.

விர்ட்-இன்ஸ்டாலில் பலரும் இடறும் இடம் ஐஎஸ்ஓ கோப்பு (ஓஎஸ் நிறுவும் சிடியின் நகல்). அதை ஹோம் ஃபோல்டரில் வைத்தால் பர்மிஷன் பிழை வரும். கியூஎமு தனி யூசராக ஓடுவதால் உங்கள் ஹோமுக்குள் அதனால் நுழைய முடியாது. லிப்விர்ட்டின் இமேஜஸ் ஃபோல்டருக்கு நகர்த்தினால் தீர்ந்தது. லினக்ஸ் கெஸ்டை (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) டெர்மினலிலேயே நிறுவ, சிடிராம் ஆப்ஷனை விட்டு லொக்கேஷன் ஆப்ஷனைக் கொடுங்கள். கெர்னலுக்கு சீரியல் கன்சோல் (திரை இல்லாமல் எழுத்து வழியே பேசும் வழி) பற்றிச் சொல்ல அதில்தான் வழி உண்டு. விண்டோஸுக்கு விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே செய்த வேகமான வகை) டிஸ்க் கொடுத்தால், டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டும்வரை இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது.

இதெல்லாம் ஒரு மதியத்தில் முடியும் வேலை. எங்கள் பக்கத்தில் அசல் வேலை மின்தடைக்குத்தான். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். கோடை மழையில் சொல்லாமலே போகும். யுபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் மூன்று விஎம்களும் ஒழுங்காக இறங்க வேண்டும், கரண்ட் வந்ததும் ஆள் இல்லாமலே எழ வேண்டும்.

யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளை அமைத்தோம். வாங்கும்போதே டேட்டா போர்ட் உள்ள மாடலாகப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர்களில் பொதுவாக அது இருப்பதில்லை. பேட்டரி குறைந்ததும் நட் ஹோஸ்டை, அதாவது விஎம்களைத் தாங்கும் பெட்டியை, அணைக்கும், அப்போது லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸ் விஎம்களை அணைக்கும். அதன் கான்ஃபிக் கோப்பில் 'சஸ்பெண்ட்' என்றிருந்தால் 'ஷட்டவுன்' என்று மாற்றுங்கள். சஸ்பெண்டில் விஎம்மின் ராம் முழுவதும் டிஸ்க்குக்கு எழுதப்படும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் 16 ஜிபி எழுத இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், பலவீனமான பேட்டரி அதுவரை தாங்காது. பேரலல் ஷட்டவுனை 3 என்று வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கும்.

விண்டோஸ் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். லிப்விர்ட்டின் கட்டளைக் கருவி விர்ஷ்; அதில் 'விர்ஷ் ஷட்டவுன்' அனுப்புவது பவர் பட்டனை அழுத்துவதற்குச் சமம். திரை அணைந்திருந்தால் விண்டோஸ் சில சமயம் திரையை எழுப்புவதோடு நின்றுவிடும். கெஸ்ட் ஏஜென்ட்டை (ஹோஸ்டின் கட்டளையைக் கேட்கும் சிறு மென்பொருள்) உள்ளே நிறுவி, விஎம் எக்ஸ்எம்எல்லில் (அதன் அமைப்புக் கோப்பில்) அதற்கான சேனலையும் சேர்த்த பிறகு சொன்னபடி அணைகிறது. 'விர்ஷ் டெஸ்ட்ராய்' போடாதீர்கள். அது விஎம்மை அழிக்காது, ஆனால் ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்கும் காரியம். டேட்டாபேஸ் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது.

திரும்ப எழுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயாஸில் 'கரண்ட் வந்ததும் ஆன்' என்று வைத்தால் மட்டும் போதாது. ஹோஸ்ட் அணைந்த பிறகும் யுபிஎஸ்ஸில் மிச்சம் இருந்து, அதற்குள் கரண்ட் திரும்பிவிட்டால், பெட்டியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. எனவே அது எழாது. கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ் தன் அவுட்புட்டைத் தானே துண்டிக்க நட் உத்தரவிட வேண்டும். அதற்குத்தான் நட்டின் கான்ஃபிக்கில் உள்ள பவர்டவுன்ஃபிளாக். அமைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யுபிஎஸ் பிளக்கை உண்மையாகவே பிடுங்கிப் பாருங்கள். ஒவ்வொரு விஎம்முக்கும் 'விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்' போட்டிருந்தால் அவை வரிசையாக எழும்.

ஜூன், ஜூலை சீசனில் கணக்கு விஎம்முக்கு ராம் பற்றாது. உச்சவரம்பை மாற்ற விஎம் அணைந்திருக்க வேண்டும் என்பதால், முதலிலேயே 'செட்மேக்ஸ்மெம்' 12 ஜிபி, 'செட்மெம்' 6 ஜிபி என்று வைத்துவிட்டோம். சீசனில் ஓடும்போதே உயர்த்திக்கொள்ளலாம். உள்ளே பலூன் டிரைவர் (ஓடும்போதே ராமைக் கூட்டிக் குறைக்க உதவுவது) மட்டும் இருக்க வேண்டும்.

டிஸ்க்கிலும் கணக்கு முக்கியம். 480 ஜிபி எஸ்எஸ்டியில் தலா 200 ஜிபி என மூன்று கியூகவ்2 (கியூஎமுவின் டிஸ்க் கோப்பு வகை) டிஸ்க் போட முடியும், ஏனென்றால் எழுத எழுதத்தான் அவை வளரும். எஸ்எஸ்டி நிரம்பிய நிமிடம் எழுத முயலும் விஎம் நின்று, 'விர்ஷ் லிஸ்ட்'டில் 'பாஸ்டு' என்று காட்டும். பதறி ரீசெட் செய்ய வேண்டாம். இடம் காலி செய்து 'விர்ஷ் ரெஸ்யூம்' போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஸ்னாப்ஷாட்டும் (ஒரு கணத்தில் விஎம் இருந்த நிலையின் பதிவு) அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, அதை பேக்கப் என்று எண்ணக் கூடாது. எங்கள் பேக்கப் வேறு கட்டடத்தில் உள்ள டிஸ்க்குக்குப் போகிறது.

குளோன் எடுத்த லினக்ஸ் விஎம்கள் இரண்டும் ஒரே ஐபி வாங்கினால் மெஷின்-ஐடியை (ஒவ்வொரு லினக்ஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) பாருங்கள். விர்ட்-குளோன் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் எண்) மாற்றும், மெஷின்-ஐடியை மாற்றாது. விர்ட்-சிஸ்பிரெப் அதைச் சுத்தம் செய்யும், கூடவே எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளையும் நீக்கும். டெபியனில் அவை தானாகத் திரும்ப உருவாகாது. கன்சோலில் நுழைந்து 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையைப் பெரிய ஏ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். கன்சோலை விட்டு வெளியே வர கன்ட்ரோலும் வலது சதுர அடைப்புக்குறியும்.