கிழிசல்

பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருள்களைக் கணினிப் படங்களாக மாற்றும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துத் தேதி, பக்க எண், நிலை ஆகியவற்றைப் பதிய வேண்டும். நிலைக்கு நான்கே சொற்கள்: நன்று, மங்கல், கிழிசல், இல்லை. இரவுப் பணியில் கண்ணைவிடக் கை வேகமாக ஓடும்.

ஓர் இரவு 1921 மே 31 தேதியிட்ட 'டல்சா ட்ரிப்யூன்' வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து நாளிதழ். முதல் பக்கத்தில் ஒரு செய்தி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தலையங்கப் பக்கத்தில் பெரும்பகுதியைக் காணோம். 'கிழிசல்' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

சரிபார்க்கும் அண்ணன் என்னை அழைத்தார். "பழைய தாள் ஓரத்தில் நொறுங்கும், மடிப்பில் விடும். செய்தியும் தலையங்கமும் மட்டும் தானாகக் கிழியுமா, அம்மா?"

அன்றுதான் தேடிப் படித்தேன். டிக் ரோலண்ட் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர், காலணிக்கு மெருகு போடுபவர், லிஃப்டில் ஒரு வெள்ளையினப் பெண்ணைத் தாக்கினார் என்பதே காணாமல்போன செய்தி. அது வேறொரு பிரதியிலிருந்து பின்னாளில் கிடைத்தது. தலையங்கம் இன்னும் கிடைக்கவில்லை. செய்தி வெளியான அன்று மாலை, ரோலண்ட் காவலில் இருந்த நீதிமன்றத்தின்முன் வெள்ளையர் கூட்டம் திரண்டது. அவரைக் காக்கக் கறுப்பினத்தவர் துப்பாக்கியுடன் வந்தார்கள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். மறுநாள் நண்பகலுக்குள் கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினப் பகுதியில் 35 தெருக்கட்டங்கள் வெள்ளையர் கூட்டம் வைத்த தீயில் சாம்பலாயின. செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் எரிந்த வீடுகள் மட்டும் 1,256. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று 2001இல் மாநில ஆணையம் சொன்னது. ரோலண்ட் மீதான வழக்கோ சில மாதங்களிலேயே தள்ளுபடியானது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. நடந்ததற்குக் 'கலவரம்' என்று பெயரிட்டார்கள். கலவரச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்பது காப்பீட்டு ஒப்பந்தத்தில் இருந்த விதி. அந்த ஒரு சொல்லைக் காட்டி, வீடும் கடையும் இழந்தவர்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டன. பழியையும் கறுப்பினத்தவர் மேலேயே போட்டது விசாரணை ஜூரி. நான் போட்ட 'கிழிசல்' அந்த வகைச் சொல்தான். செய்த கையை அது மறைத்துவிடுகிறது.

பட்டியலில் புதுச் சொல் சேர்க்க மேலிடம் ஒப்பவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'கிழித்து எடுக்கப்பட்டது' என்று எழுதினேன்.

2024இல், டல்சாவின் ஓக்லான் இடுகாட்டில் தோண்டியெடுத்த எலும்புகளில் ஒருவர் சி.எல். டேனியல் என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. அவரும் போர்வீரர். அவர் டல்சாவில் கொல்லப்பட்டதை உறுதி செய்தது 1936இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். உதவித்தொகை கேட்ட அவருடைய தாய்க்காக வழக்கறிஞர் எழுதியது. 88 ஆண்டுகள் அரசுக் கோப்பில் அது அப்படியே இருந்திருக்கிறது. அதைக் கிழிக்காமல் கோப்பில் சேர்த்துவைத்த எழுத்தர் யாரோ, அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.