வராதவர்களையும் கணக்கில் சேர்த்தோம்

நீலகிரியில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிட உதவும் ஒரு குழுத் திட்டத்தை மதிப்பிடும் வேலை எனக்கு வந்தது. மருத்துவர், ஸ்டாஃப் நர்ஸ், ஆலோசகர், மருந்தாளுநர், கூடவே தானும் அதே மாத்திரையைச் சாப்பிடும் ஒரு களப்பணியாளர். இவர்கள் சேர்ந்து கவனிப்பதால் பலன் உண்டா என்று சொல்ல வேண்டும். இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் எந்தத் தாளிலும் பெயர் இல்லை, குறியீட்டு எண் மட்டும்தான். எஸ்டேட் லைன் வீடுகளில் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். புது ஆள் வந்தாலே யார், எதற்கு என்று விசாரிப்பார்கள். ஆகவே வீட்டுக்குப் போகவில்லை; மாத்திரை வாங்க மையத்துக்கு வரும் நாளில் அங்கேயே தனி அறையில் பேசினோம். கவனிப்புக் குழுவில் இருப்பவர்களைக் கேள்வி கேட்க விடவில்லை. மாத்திரை கொடுப்பவரே கேட்டால் "ஒழுங்கா சாப்பிடறேங்க" என்றுதான் சொல்வார்கள். பாவம், வேறென்ன சொல்ல முடியும்?

திட்டத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் இடையில் மருந்தே மாறியிருந்தது. முன்பு பலர் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து சேர்ந்த மாத்திரையில் இருந்தார்கள்; தலைசுற்றல், கெட்ட கனவு என்று நிறுத்தியவர்கள் உண்டு. அப்புறம் அதற்குப் பதில் டோலுடெகிராவிர் என்ற மருந்து வந்தது, தொந்தரவு குறைந்தது. வைரஸ் இறங்கியது குழுவாலா, மருந்தாலா? நல்லவேளையாகத் திட்டம் குன்னூர்ப் பக்கம் முதலிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பிறகும் தொடங்கியது. எல்லோரும் புது மருந்துக்கு மாறிய பின் கிடைத்த அந்த இடைவெளியில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டோம். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிடும் என்பதால், அந்தந்தப் பக்கத்தை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடும் வைத்துப் பார்த்தோம்.

மாத்திரை எண்ணிக்கையை நான் அதிகம் நம்பவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று சொல்ல வழக்கமாக வைக்கும் கோடு 95 சதவீதம்; 30 மாத்திரையில் இரண்டு தவறினாலே அதற்குக் கீழே போய்விடும். ஒரு தம்பதி, பாதை அடைபட்டபோது ஒரே பாட்டிலைப் பங்கிட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களை என்ன கணக்கில் எழுதுவது? காலி பாட்டிலும் சாட்சி ஆகாது. அதனால் ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1000 பிரதிகளுக்குக் கீழ் இருக்கிறதா என்பதையே முக்கிய அளவுகோலாக வைத்தோம்.

ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பவர் ஏற்கெனவே மையத்துக்கு வருகிறவர். வருகிறவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் தெரியும். ஆகவே தொடக்க நாளில் பதிவேட்டில் இருந்த எல்லோரையும் கடைசி வரை வகுக்கும் எண்ணில் வைத்திருந்தோம். காணாமல் போனவர்களைத் தேடியதில்தான் அதிக நேரம் போனது. களப்பணியாளர் இல்லாமல் அது நடந்திருக்காது. திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்குள்ள மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை, நம் பதிவேடு 'விட்டுப் போனவர்' என்று எழுதியிருந்தது. சிலர் இறந்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா காரணத்தை நேராகச் சொன்னார்: "ஒரு நாள் லீவு போட்டா கூலி போகுது. அதுகூடப் பரவாயில்ல. மேஸ்திரிகிட்ட மாசாமாசம் என்னன்னு சொல்றது?"

இவர்களையும் சேர்த்த பிறகு, வருகைப் பதிவை மட்டும் பார்த்தபோது தெரிந்த அளவுக்குப் பலன் இல்லை, ஆனால் பலன் இருந்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் களப்பணியாளரின் போனால் வந்தவர்கள். அவருக்கு முழுநேரச் சம்பளம் வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். வைரஸ் அடங்கியவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னோம். இரண்டாவதற்குச் சம்மதித்துவிட்டார்கள், முதலாவதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.