அலைநீளத்தை யாரும் கேட்கவில்லை

மகப்பேறு பிஜி தேர்வுக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்ணுறுப்பு அழகியல் சிகிச்சைப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான். வேலூர் சத்துவாச்சாரியில் அறை எடுத்திருந்தேன். டூட்டி முடிந்து வந்து, மே மாத வெக்கை தாங்காமல் மொட்டை மாடியில் உட்கார்ந்து, கடைசி இரண்டு நாளில்தான் இதைத் தொட்டேன். அதிலும் லேசர் அலைநீளங்களை மட்டும் உருப்போட்டேன். கார்பன் டை ஆக்சைடு 10,600 நானோமீட்டர், எர்பியம் யாக் 2,940.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் மேடம் கேட்டார்: "குடியாத்தத்திலிருந்து 24 வயசுப் பொண்ணு வர்றா. கல்யாணம் நிச்சயமாயிருக்கு. லேபியா (பெண்ணுறுப்பின் இதழ்) பெருசா இருக்கு, வெட்டிவிடுங்கங்கறா. என்னம்மா பண்ணுவே?"

நான் மடமடவென்று லேசரில் ஆரம்பித்தேன். "முதல்ல பொண்ணைப் பார்த்தியா?" என்றார். வாய் அடைத்துவிட்டது.

பார்ப்பதற்கும் ஓர் அளவு தெரிந்திருக்க வேண்டும். 2005ல் லண்டனில் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் உள்ளிதழின் அகலம் 7 மி.மீ. முதல் 50 மி.மீ. வரை இருந்தது. அத்தனையும் இயல்புதான். இதைச் சொன்னாலே பாதிப் பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது என் எண்ணம். அப்புறம் உரசல், வலி உண்டா, யாராவது குறை சொன்னார்களா, உடம்பில் இல்லாத குறையை நினைத்து வதைபடும் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் இருக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் லேபியாபிளாஸ்டி, அதாவது இதழைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை. ஓரத்தை வெட்டும் டிரிம் முறை சுலபம், ஆனால் இயற்கையான விளிம்பு போய்விடும். ஆப்பு வடிவில் வெட்டியெடுக்கும் வெட்ஜ் முறையில் விளிம்பு தங்கும், தையல் பிரியலாம். நடுவில் மேல்தோலை மட்டும் எடுப்பது மூன்றாவது. ஆப்பு வடிவத்தைப் படம் போட்டுப் பழகுங்கள், பென்சிலில் நாலு கோடு போதும். ரத்தக்கட்டு, தொற்று, தழும்பு, உறவின்போது வலி, உணர்ச்சிக் குறைவு ஆகிய சிக்கல்களை விடாமல் எழுதுங்கள்.

லேசரும் ரேடியோ ஃப்ரீக்வன்சியும் (ரேடியோ அலையால் சூடேற்றும் சிகிச்சை) கத்தி படாதவை என்பதால் ஆபத்தில்லை என்று எழுதிவிடாதீர்கள். தீக்காயம், தழும்பு, நீடித்த வலி வரலாம் என்று 2018 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2021ல் ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற 85 பெண்களிடம் கார்பன் டை ஆக்சைடு லேசரையும் போலி சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்தும் பெண்ணுறுப்பு வறட்சி போன்ற அறிகுறிகளில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

மேடம் அடுத்து பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடமான பார்த்தோகிராமுக்குப் போய்விட்டார். 10,600 இன்னும் எனக்கு மறக்கவில்லை.