எல்லைக்கு அப்பால் ஒரு திருமணம்

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஒட்டுக்கடை அக்காள் கையை நிறுத்திவிட்டார். தொலைக்காட்சியில் பாங்காக். இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே திருமணச் சான்றிதழை ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கை நடுங்குகிறது.

“நன்றாக இருக்கட்டும் பிள்ளைகள்” என்றார்.

மலேசியாவின் பாடாங் செராயிலிருந்து தாய்லாந்து எல்லை காரில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே 2025 ஜனவரி முதல் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி செல்லும்.

இந்தியா 2018இல் ஒருபாலின உறவு குற்றமில்லை என்றது. 2023இல் திருமண உரிமையை மறுத்தது. சிங்கப்பூர் 2022இல், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நீக்க வாக்களித்தது.

இங்கே மலேசியாவிலோ அந்த உறவுக்கு 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்தைப் பரம்பரைச் சொத்துபோல் ஏன் கட்டிக்காக்கிறோம்?

தோட்டத்துப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தனக்கு ஒருபாலின ஈர்ப்பு என்று மனம்விட்டுச் சொன்னால், அடிக்கக் கை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள்.