மூன்று மாடி வீட்டுக்கும் சின்ன பம்ப் போதும்

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டில், பாய்லர் வெந்நீரை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சுற்றிவிடும் பம்ப் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்து, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. மச்சான் உடனே, "மேல் மாடி லாஃப்ட் ரூம் வரைக்கும் தண்ணி ஏறணுமே, பெரிய மோட்டாரா போடுங்க" என்றார். ஊரில் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிப் பழகிய யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஆனால் ரேடியேட்டர் குழாய்கள் தண்ணீர் நிரம்பிய மூடிய வளையம். இரண்டு பக்கமும் வாளி கட்டிய ராட்டினம் மாதிரி, ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீரே ஈடுகட்டிவிடும். குழாய், வால்வு, வெந்நீர் சிலிண்டருக்குள் இருக்கும் காயில் (சுருள் குழாய்) இவற்றின் உராய்வைத்தான் பம்ப் சமாளிக்க வேண்டும். மாடிக் கணக்கு இங்கே செல்லாது.

20 கிலோவாட் பாய்லர், போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் ஓடினால் போதும். சாதாரண 6 மீட்டர் பம்ப் தாராளம். பெட்டியில் 15-60 என்று போட்டிருப்பதில் அந்த 60தான் 6 மீட்டர், அதாவது 6 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்; மாடி உயரம் அல்ல. இதைவிடப் பெரிதாகப் போட்டால் ரேடியேட்டர் வால்வுகள் விசிலடிக்கும். பரணில் திறந்த தொட்டி வைத்த பழைய அமைப்பு என்றால் வென்ட் குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டி, காற்றையும் உள்ளே இழுக்கும். பம்பின் நீளத்தையும் பாருங்கள். இங்கே வழக்கம் 130 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் 180 பரவலாக இருக்கிறது. மலிவு என்று ஆன்லைனில் மாற்றி வாங்கினால் பழைய வால்வுகளுக்கு நடுவே உட்காராது.

நான் அதிகம் யோசித்தது மோடு பற்றித்தான். புதுப் பம்புகளில் ஓட்டம் குறைந்தால் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும் ஒரு மோடு உண்டு. அறை சூடானதும் தானே மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வு போட்ட ரேடியேட்டர்களுக்கு அது அருமை, கரண்டும் மிச்சம். எங்கள் வீட்டிலோ ரேடியேட்டருக்கும் சிலிண்டருக்கும் ஒரே பம்ப். இரண்டு மோட்டார் வால்வுகள் பாதையைப் பிரித்துவிடும். கோடையில் சிலிண்டர் வால்வு மட்டும் திறக்கும்போது, ஓட்டம் குறைவு என்று பம்ப் அடங்கிவிட்டால் காயிலுக்குச் சூடு போதாது, சிலிண்டர் தண்ணீர் சூடாக நேரமாகும். அதனால் அழுத்தம் மாறாத மோடில் வைத்தேன். கொஞ்சம் கூடுதல் வாட் போனால் போகட்டும்.

2013 ஜனவரியிலும் 2015 ஆகஸ்டிலும் ஐரோப்பிய மின்சிக்கன விதி கடுமையானதும் பழைய மூன்று வேகப் பம்புகள் ஒதுங்கி, நிரந்தரக் காந்தம் வைத்தவை வந்துவிட்டன. ரேடியேட்டர் துருவின் கறுப்புச் சேறு அந்தக் காந்தத்தில் போய் ஒட்டும். பிளம்பர் பழைய தண்ணீரை வடித்தபோது முதல் வாளி முழுக்கக் கறுப்புத்தான். அலசி, காந்த ஃபில்டரும் போட்ட பிறகே புதுப் பம்பை மாட்டச் சொன்னேன். மோட்டாரின் தண்டு படுக்கைவாட்டில் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். நிமிர்ந்து நின்றால் பேரிங் சீக்கிரம் தேயும்.

அப்புறம், குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரச் சுற்றுக்குழாய் போடுகிறவர்கள் இதே பம்பை வாங்கிவிடாதீர்கள். இதன் உடல் வார்ப்பிரும்பு. ஆக்சிஜனோடு வரும் புதுத் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். அதற்கு வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்ப்தான். விலை கூடத்தான், டைமரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.